விரத நாளில் மறதி ஏன்?

ஏகாதசி அன்று பலர் சாப்பிடுவதில்லை. ரமலான் நோன்பில் பகலில் தண்ணீரும் குடிப்பதில்லை. உடல் எடை குறைய, தினமும் 16 மணி நேரம் சாப்பிடாமல் இருப்பவர்களும் உண்டு.

சாவியை எங்கே வைத்தோம்? அடுப்பை அணைத்தோமா? விரத நாளில் சிலருக்கு நினைவு வருவதில்லை. "வயதாகிவிட்டது" என்கிறார்கள். வயது மட்டுமா காரணம்?

மூளையின் எடை உடல் எடையில் 100-க்கு 2 பங்குதான். ஆனால் உடல் செலவிடும் சக்தியில் 100-க்கு 20 பங்கு அதற்கு வேண்டும். சாப்பிடாத நேரத்தில் கல்லீரல் தான் சேமித்த சர்க்கரையைத் தருகிறது. பிறகு கொழுப்பு உதவுகிறது. ஆகவே நலமாக உள்ளவர் ஒரு வேளை சாப்பிடாவிட்டால் மூளை கெடாது.

ஆனால் தண்ணீர் குறைந்தால் கவனம் சிதறும். தூக்கம் குறைந்தாலும் சிதறும். மாதவிலக்கு நிற்கும் வயதில் பெண்களுக்குத் தூக்கம் கெடும். மறதியும் வரலாம்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை அல்லது ஊசி போடுபவரா? டாக்டரைக் கேட்காமல் விரதம் இருக்காதீர்கள். ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. வியர்க்கும். கை நடுங்கும். பேச்சு குழறும். இது வெறும் மறதி அல்ல. உடனே 3 ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். விரதம் கெடுமே என்று தயங்காதீர்கள். நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டு. மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

உங்கள் வீட்டில் விரதம் இருப்பவர் யார்? அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? இன்றே கேளுங்கள். நோட்டில் எழுதி வையுங்கள்.