இரட்டை அல்புமின்: நோயா, மரபுக் கூறா?

திருவனந்தபுரத்தில் 1951-இல் மருத்துவக் கல்லூரியும், 1981-இல் அதே வளாகத்தில் மண்டலப் புற்றுநோய் மையமும் நிறுவப்பெற்றன. எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் பற்றி ஐயம் எழும்போது, இரத்த ஊநீரின் புரதங்களை மின்புலத்தில் பிரித்தறியும் எலக்ட்ரோஃபோரெசிஸ் சோதனை இன்றியமையாதது. அரிதாக, அச்சோதனையில் தேடாத ஒன்று தென்படும்: ஒன்றாக இருக்க வேண்டிய அல்புமின் பட்டை இரண்டாகப் பிளவுற்றிருக்கும்.

அல்புமின், கல்லீரலில் உருவாகும் புரதம். 585 அமினோ அமிலங்களாலான ஒரே சங்கிலி. ஊநீரின் ஒரு டெசிலிட்டரில் ஏறத்தாழ 3.5 முதல் 5 கிராம் வரை உள்ளது. சங்கிலியில் ஓர் அமினோ அமிலம் மாறினும் மின்னூட்டம் மாறலாம். குளூட்டாமிக் அமிலம் இருந்த இடத்தில் லைசின் அமர்ந்தால், புரதம் நேர்மின்வாயை நோக்கி மெதுவாகவே நகரும். தந்தை வழியில் ஒரு வகையும் தாய் வழியில் மற்றொரு வகையும் பெற்றவரிடம் இரண்டும் காணப்படும். 1955-இல் ஜெர்மனியில் ஷாய்ர்லென் இதனை விவரித்தார். இம்மரபு வகைகளுள் பெரும்பாலானவை தீங்கற்றவை.

எனினும் எல்லாப் பிளவும் மரபுவழி வந்ததன்று. பெருமளவில் பெனிசிலின் பெறுவோரிடம், குறிப்பாகச் சிறுநீரகம் நலிந்தோரிடம், மருந்து அல்புமினுடன் பிணைந்து தற்காலிகப் பட்டையை உண்டாக்கும். கணையத்தில் பொய்க் கட்டி தோன்றிக் கசியுமாயின், அதன் நொதிகள் அல்புமினைச் சிதைத்து இரண்டாம் பட்டையைத் தோற்றுவிக்கும். கணையத்தில் கல் சேரும் வெப்பமண்டலக் கணைய அழற்சி கேரளத்தில் மிகுதியாகக் காணப்பட்டதையும், 1960-களில் மருத்துவர் பி. ஜே. கீவர்கீஸ் அதனை விரிவாக ஆராய்ந்ததையும் இங்கு நினைவுகூர்தல் தகும். இத்தகைய நோயாளியிடம் பிளந்த பட்டையை மரபுக் கூறென்று ஒதுக்கிவிடுவது ஆபத்தானது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 218-ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் ஹிஸ்டிடின் அமைந்த அல்புமின், தைராக்சினை மிகையாகப் பற்றிக்கொள்கிறது. இரத்தத்தில் தைராக்சின் மிகுந்து காணும். சில ஆய்வு முறைகளில் கட்டற்ற தைராக்சின் அளவும் பொய்யாக உயர்ந்து தோன்றும். ஆனால் டி.எஸ்.எச். இயல்பாகவே இருக்கும், உடலில் மிகைச் சுரப்பின் அறிகுறியும் இராது. இதனை உணராத மருத்துவர் தைராய்டு எதிர்ப்பு மருந்தைத் தொடங்கிவிட நேரலாம்; அறுவை வரையிலும் சென்றுவிட்டோர் உண்டு.

ஆகவே பிளந்த பட்டையைக் கண்ட ஆய்வாளர் முதலில் நோயாளியின் மருந்துப் பட்டியலையும் கணையத்தின் நிலையையும் வினவுகிறார். மருந்து நின்ற சில வாரங்களில் சோதனை மீண்டும் செய்யப்படும். பிளவு நீடித்தால் பெற்றோர், உடன்பிறந்தோரின் ஊநீரும் சோதிக்கப்படும். அவர்களிடமும் அதுவே காணப்படின், ‘மரபுவழி இரட்டை அல்புமின், சிகிச்சை தேவையில்லை’ என்னும் குறிப்பு அறிக்கையில் எழுதப்படுகிறது. அடுத்த முறை வேறோர் ஊரில் இரத்தம் கொடுக்கையில் நோயாளி காட்ட வேண்டிய தாள் அதுவே.