மஸ்டாங்கிலும் வட்டமடிக்கலாம்

"அமெரிக்க விமானமா? வட்டமடிக்காதே. மேலிருந்து பாய், சுடு, ஓடு." வார் தண்டர் விமானச் சண்டை விளையாட்டை ஆட வரும் எல்லோருக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். என் அனுபவத்தில் இது பாதிதான் சரி. எதிரி யார் என்பதைப் பார்க்காமல் சொல்லும் பேச்சு இது. அமெரிக்காவின் ஹெல்கேட்டின் இறக்கைப் பரப்பு 334 சதுர அடி. ஜெர்மனியின் ஃபோக்கே வுல்ஃப் 190க்கு 197தான். எடை வித்தியாசத்தைக் கழித்தாலும் சிறிய வட்டம் ஹெல்கேட்டுக்குத்தான்.

எடை குறைந்தால் இறுக்கித் திரும்பலாம் என்பதால், புறப்படும் முன்பே எரிபொருளைக் குறைத்துவிடுவேன். நிஜ மஸ்டாங் விமானத்தில் விமானியின் முதுகுக்குப் பின்னால் 85 காலன் டேங்க் ஒன்று இருந்தது. அது நிறைந்திருக்கும்போது இறுக்கித் திருப்பினால் விமானம் கையை மீறும். அதனால் அந்த எரிபொருளைத்தான் முதலில் செலவழித்தார்கள்.

எதிரி உங்களைவிட இறுக்கமாகத் திரும்பினால், அவன் பின்னாலேயே ஸ்டிக்கை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். வேகம் கரையும், மூக்கு அவனை எட்டாது. இறக்கையைக் கொஞ்சம் நிமிர்த்தி மேலே ஏறுங்கள். வேகம் குறைய, வட்டமும் சுருங்கும். உச்சியில் ஒரு நொடி ஃபிளாப், பிறகு அவன் வட்டத்துக்கு உள்ளே மூக்கை இறக்குங்கள். ஃபிளாப்பை உடனே மடக்க மறந்தால் கீழிறங்கும் வேகத்தில் பிய்ந்துவிடும். இந்த வித்தைக்கு எனக்குப் பிடித்த அமெரிக்க விமானம் லைட்னிங். அதன் ஃபிளாப் கீழே சாய்வதோடு பின்னாலும் நீண்டு இறக்கையையே பெரிதாக்கும். இரண்டு புரொப்பெல்லரும் எதிரெதிராகச் சுழல்வதால் மெதுவான திருப்பத்திலும் ஒருபக்கமாகக் கவிழாது. உருளத்தான் சோம்பல், அரை நொடி முன்பே தொடங்க வேண்டும்.

ஜப்பானின் ஜீரோவிடம் மட்டும் இதெல்லாம் எடுபடாது. 1942இல் அலாஸ்காவின் அகுடான் தீவில் கிடைத்த ஜீரோவை அமெரிக்கர்கள் பழுதுபார்த்து ஓட்டிப் பார்த்தார்கள். 200 நாட் வேகத்துக்கு மேல் அதை உருளவைக்கும் எயிலரான்கள் இறுகிவிடுகின்றன, வலப்பக்கம் உருள்வது இன்னும் கடினம் என்று தெரிந்தது. பின்னால் ஜீரோ ஒட்டினால் கீழே பாய்ந்து வேகம் சேர்த்து வலப்பக்கம் உருளுங்கள்.

துணைக்கு ஆள் இருந்தால் அமெரிக்கக் கடற்படை விமானி ஜான் தாச் வகுத்த 'நெசவு' உத்தி இருக்கிறது. இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் குறுக்கே திரும்ப, ஒருவரைத் துரத்தி வருபவன் மற்றவரின் துப்பாக்கிக்கு முன்னால் வந்து நிற்பான். 1942 ஜூனில் மிட்வே போரில் அமெரிக்க வைல்ட்கேட்டுகள் ஜீரோக்களைச் சமாளித்தது இப்படித்தான். மைக்கில் பேசிக்கொள்ளும் நண்பரோடு முயன்று பாருங்கள். முன்பின் தெரியாதவரோடு வேண்டாம், நேருக்கு நேர் மோதிக்கொள்வீர்கள்.