இல்லத்தில் கணக்கு

பெற்றோரைச் சந்திக்கும் நாளில், முதல் இரண்டு வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் நாங்கள் தவறாமல் கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு. "எனக்கும் கணக்கு வராது டீச்சர், இவளும் என்னைப் போலத்தான்." சிரித்துக்கொண்டே சொல்லப்படும் சொல் அது. அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி பக்கத்தில் நிற்கும் ஆறு வயதுச் சிறுமியும் அதைக் கேட்கிறாள். தனக்குக் கணக்கு வராது என்பதை அன்று வரை அவள் அறிந்திருக்கவில்லை. அன்று அறிந்துகொள்கிறாள்.

சென்ற ஆண்டு இப்படிச் சொன்ன தாயார் ஒருவர், பொங்கல் விழாவுக்கு முந்திய மாலை பள்ளி முற்றத்தில் கோலமிட வந்திருந்தார். நடு வரிசையில் 15 புள்ளி, இடைப்புள்ளி வைத்து 8-ல் நிறுத்தும் கோலம். அவர் நூல் பிடிக்கவில்லை, விரல் விட்டு எண்ணவுமில்லை. வரிசைக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே போய் 169 புள்ளிகளையும் பிசகாமல் வைத்து முடித்தார். கணக்கு வராதவரா இவர் என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

கோலத்தில் கணக்கு இருக்கிறது என்பது புகழ்ச்சிக்காகச் சொல்லும் வார்த்தை அன்று. சிங்கப்பெருமாள் கோவிலில் மின்ரயில் ஏறினால் எட்டிவிடும் தாம்பரத்தில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர் கிஃப்ட் சிரோமணி. அவரும், அவர் துணைவியார் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974-ல் கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சொற்களைச் சேர்த்து வாக்கியம் அமைக்க இலக்கண விதி இருப்பது போல, சிறு துண்டு ஒன்றிலிருந்து பெரிய கோலம் வளர்வதற்கும் விதி உண்டு. அவ்விதியைக் கணிப்பொறிக்கு ஏற்றவாறு எழுத முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். நம் வாசலில் தினமும் விடியற்காலையில் நடப்பதைத்தான் அவர்கள் கணிதமாக எழுதினார்கள்.

இனி, சற்றுக் கசப்பான செய்தி ஒன்று. அமெரிக்காவில் முதல் இரண்டு வகுப்புக் குழந்தைகளையும் அவர்தம் பெற்றோரையும் வைத்து நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 2015-ல் வெளியாயிற்று. கணக்கைக் கண்டு அஞ்சும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய குழந்தைகள், அவ்வாண்டு கணக்கில் குறைவாகவே கற்றிருந்தார்கள். ஆண்டு முடிவில் அவர்களுக்கும் அச்சம் கூடியிருந்தது. அதே அச்சமுள்ள பெற்றோர் அதிகம் உதவாத வீடுகளில் இந்தக் கேடு காணப்படவில்லை. அன்போடு செய்யும் உதவியே இப்படி முடிவது வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இரவு எட்டு மணிக்கு, சமையலுக்கு நடுவே, "எத்தனை தடவை சொல்வது?" என்று நோட்டைத் தட்டும் காட்சி எந்த வீட்டுக்கும் புதியது அன்று. எங்கள் வீடுகளுக்கும் புதியது அன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

ஆகவே பெற்றோரிடம் நாங்கள் கேட்பது எதிர்பாராததாக இருக்கலாம். உங்களுக்கு அச்சமிருந்தால் நோட்டுக் கணக்கை எங்களிடம் விட்டுவிடுங்கள். அதில் பிழை இருந்தால் அப்படியே அனுப்புங்கள்; அழித்துத் திருத்தி அனுப்பினால் குழந்தை எங்கே தடுமாறுகிறாள் என்பது எங்களுக்குத் தெரியாமல் போகிறது. அந்த அரைமணி நேரத்தில் உங்கள் கைக்குப் பழகியதை அவளோடு சேர்ந்து செய்யுங்கள்.

கோலத்தையே எடுத்துக்கொள்வோம். நடுவில் 3, மேலும் கீழும் 2. மொத்தம் 7. அடுத்தது 5-ல் தொடங்கி 3-ல் நிறுத்துவது. புள்ளி வைக்கும் முன்பே கேளுங்கள்: "அடுத்த வரிசைக்கு எத்தனை கண்ணு?" நான்கு என்பாள். "எல்லாம் சேர்த்து?" ஒருத்தி ஒவ்வொன்றாக எண்ணுவாள். இன்னொருத்தி நாலும் நாலும் எட்டு, மூணும் மூணும் ஆறு, நடுவில் ஐந்து என்று கூட்டி 19 என்பாள். இரண்டும் சரிதான், அவசரப்படுத்த வேண்டாம். மூன்றாம் வகுப்புக்கு வந்த அக்காள் வீட்டில் இருந்தால் 7-லிருந்து 4 வரையும் வைத்துப் பார்க்கட்டும். அதில் 37 வரும். ஒற்றைப் புள்ளியிலிருந்து தொடங்கி 1, 7, 19, 37 என்று எழுதிவிட்டு, ஒவ்வொரு முறையும் எத்தனை கூடிற்று என்று அவளைக் கேளுங்கள். 6, 12, 18 என்று வரும். ஏன் ஆறு ஆறாக ஏறுகிறது? கோலத்துக்கு எத்தனை பக்கம் என்று விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். விடையை நீங்கள் சொல்லாதீர்கள். உங்களுக்கே இப்போதுதான் தெரிந்தது என்றால் இன்னும் நல்லது. அந்த வியப்பை அவள் பார்க்கட்டும்.

கோலத்தைச் சொன்னதால் இது தாய்மாரின் வேலை என்று தந்தையர் நினைத்துவிட வேண்டாம். எண் போட்ட பரமபதப் படம் எந்தப் பொட்டிக்கடையிலும் கிடைக்கும். அதை விளையாடும்போது ஒரு சிறு மாற்றம் செய்யுங்கள். காய் 23-ல் நிற்கிறது, கட்டையில் 3 விழுகிறது. வழக்கமாக "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சொல்லி நகர்த்துவோம். அப்படியன்றி, கட்டத்தில் உள்ள எண்ணையே "24, 25, 26" என்று சொல்லி நகர்த்தச் செய்யுங்கள். எண் கட்டங்களில் இப்படிச் சொல்லி விளையாடிய சிறுவர்கள், ஒன்று இரண்டு என்று சொல்லி விளையாடியவர்களைவிட எண்களின் வரிசையையும் இடத்தையும் நன்றாக அறிந்தார்கள் என்று 2014-ல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது. பாம்பு கடித்துக் கீழே இறங்கும் துக்கத்திலும் எண்ணைச் சொல்லத்தான் வேண்டும்!

பல்லாங்குழியும் நல்லது. குழிக்கு 5 முத்து என்றால் 14 குழிக்கு எத்தனை என்று ஆட்டம் தொடங்குமுன் கேட்கலாம். குழியில் நான்கு சேர்ந்ததும் "பசு" என்று அள்ளும் குழந்தை, எண்ணாமலே நான்கைக் கண்ணால் அறியப் பழகுகிறாள்.

ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளைகளின் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. வீட்டில் தமிழில் எண்ணினால் குழப்பம் வரும் என்று சிலர் தயங்குகிறார்கள். லெவன், ட்வெல்வ் என்னும் சொற்களில் பத்து எங்கே இருக்கிறது என்று குழந்தைக்குத் தெரியாது. பதினொன்று என்னும்போதே பத்தும் ஒன்றும் காதில் விழுகின்றன. ஆனால் தமிழிலும் ஒரு பள்ளம் உண்டு. எண்பதுக்குப் பின் தொண்ணூறு வருகிறது. அதில் "நூறு" ஒலிப்பதால் பல பிள்ளைகள் 90-ஐ நூறுகளோடு சேர்த்துவிடுகிறார்கள். எண்ணூறுக்குப் பின் தொள்ளாயிரம் வந்து அதே குழப்பத்தைச் செய்கிறது. இதற்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்வது நியாயமில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய புளியங்கொட்டை மூட்டைகள் ஒன்பதை எடுத்து வைத்து எண்ணிக் காட்டுங்கள். பாட்டி செபமாலை சொல்லும் வீட்டில் மணிகளே பத்துப் பத்தாகக் கோக்கப்பட்டுக் கிடக்கின்றன.

ரயில் பயணமும் வீணாக வேண்டாம். கூடுவாஞ்சேரியில் ஏறினால் பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலைநகர், பிறகு நம் ஊர். "எத்தனை ஸ்டேஷன்?" என்று கேட்டால் ஒருத்தி 5 என்பாள், ஒருத்தி 4 என்பாள், மற்றொருத்தி 3 என்பாள். பெயர்களை எண்ணினால் 5. வண்டி ஓடும் இடைவெளிகளை எண்ணினால் 4. நடுவில் நின்ற நிலையங்கள் மட்டும் 3. மூவரும் எதையோ சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்கள். எனவே "தப்பு" என்று சொல்லுமுன் "எதையெல்லாம் எண்ணினாய்?" என்று கேட்பது நலம். பூக்கடையில் வாங்கிய இரண்டு முழம் மல்லிகையை வீட்டில் அவள் கையால் அளந்தால் மூன்று முழம் வரக்கூடும். பூக்கார அம்மா கூடுதலாகவா கொடுத்தார் என்று அவளே யோசிக்கட்டும்.

இரவு ஷிப்டுக்குப் போகும் அப்பா, "பத்து மணிக்குப் போய் ஆறு மணிக்கு வருவேன், எத்தனை மணி நேரம்?" என்று கேட்டுவிட்டுப் போகலாம். விடை காலையில் காத்திருக்கும்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் இரண்டாம் வகுப்புச் சிறுமியர் கோல நோட்டுடன் வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். ஒரு பக்கத்தில் அம்மா போட்ட கோலம், எதிர்ப்பக்கத்தில் மகள் போட்டது, அடியில் புள்ளிகளின் எண்ணிக்கை. எண்ணிக்கையை மகள்தான் எழுத வேண்டும். தவறாக இருந்தாலும் யாரும் திருத்தாமல் கொடுத்தனுப்புங்கள்.