லசான்யா கேட்டு வரும் வாடிக்கையாளருக்கு என்ன கொடுப்பது?

“லசான்யா செய்யப் போகிறோம், அதற்கு வேண்டியதைக் கொடுங்கள்” என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது சிறிய ஊர் மளிகைக் கடைகளுக்கும் வருகிறார்கள். பல கடைகளில் அலமாரியில் கைக்கு எட்டிய ஒரு பாஸ்தா பாக்கெட்டையும் ஒரு சீஸ் டப்பாவையும் எடுத்து நீட்டிவிடுகிறார்கள். அரைக் கிலோ கறி போட்டு, அரை நாள் செலவழித்துச் செய்கிற பண்டம் அது. கூழாகிப் போனால் அந்த வீட்டில் திட்டு வாங்குவது பாஸ்தா கம்பெனி அல்ல, சரக்கைக் கொடுத்த கடைக்காரர்தான். அடுத்த மாதச் சாமான் பட்டியல் பெரிய கடைக்குப் போய்விடும். ஆகவே இந்தப் பண்டம் எப்படி உருவாகிறது என்பதை ஒருமுறை பார்த்து வைப்போம்.

லசான்யாவில் பல வகை உண்டு. அவற்றில் பேர்பெற்றது இத்தாலியின் பொலோனியா நகரத்து வகை. அகலமான பாஸ்தா தகடுகளுக்கு இடையே கறிக் குழம்பும் வெள்ளை சாஸும் துருவிய சீஸும் அடுக்கடுக்காகப் பரப்பி ஓவனில் சுடுவார்கள். அந்தக் கறிக் குழம்புக்கு ‘ராகு’ என்று பெயர். அதன் செய்முறையை இத்தாலிய சமையற்கலைக் கழகம் 1982 அக்டோபர் 17ஆம் தேதி பதிவு செய்தது. எங்கே என்று நினைக்கிறீர்கள்? பொலோனியா வர்த்தக சபையில்! 2023இல் அதைத் திருத்தி மறுபடி அங்கேயே பதிந்தார்கள். ஊர்ப் பண்டத்தின் அளவு மாறாமல் இருக்க வேண்டுமானால் அது வணிகர்களின் சபையில் இருக்கட்டும் என்று நினைத்த அந்த ஊரை நமக்குப் பிடிக்கிறது.

1982ஆம் ஆண்டுப் பதிவில் மாட்டிறைச்சி 300 கிராம், உப்பிட்ட பன்றி வயிற்றுக் கறி 150 கிராம், கேரட் 50 கிராம், செலரித் தண்டு 50 கிராம், வெங்காயம், ஒயின், பால் என்று வருகிறது. தக்காளி சாஸ் ஐந்தே கரண்டி! கறிதான் இதில் பிரதானம், தக்காளி துணைக்குத்தான். இங்கு தக்காளி சாஸ் என்றதும் கெச்சப் பாட்டிலை எடுத்துக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. கெச்சப்பில் சர்க்கரையும் வினிகரும் இருக்கின்றன. குழம்பு இனித்துப் போகும். கொடுக்க வேண்டியது தக்காளி ப்யூரி. அது இருப்பில் இல்லையென்றால் பழுத்த நாட்டுத் தக்காளியை அரைத்துக்கொள்ளச் சொல்லலாம்.

ஆறு பேருக்கு ஆட்டுக் கொத்துக்கறி அரைக் கிலோ போதும். வெங்காயம், கேரட், செலரி ஆகியவற்றைப் பொடியாக அரிந்து வெண்ணெயில் வதக்கி, கறியைச் சேர்த்து நீர் வற்றிச் சிவக்கும்வரை கிளற வேண்டும். பிறகு ப்யூரியும் சிறிது பாலும் விட்டு, சிறு தீயில் இரண்டு மணி நேரம். அவசரப்பட்டால் கறி தனி, சாறு தனியாக நிற்கும். வெள்ளை சாஸுக்கு வெண்ணெய் 80 கிராம், மைதா 80 கிராம், பால் ஒரு லிட்டர். மைதாவை வெண்ணெயில் பச்சை வாசனை போக வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டி விழாமல் கலக்கி, உப்பும் துளி ஜாதிக்காய்த் தூளும் போட வேண்டும். ஜாதிக்காய் நம் எல்லோர் கடையிலும் இருக்கிறது. இதற்கு வேண்டும் என்று எடுத்துச் சொல்வோர்தான் குறைவு.

பாஸ்தாவுக்கு வருவோம். பெரும்பாலான ஏமாற்றம் இங்கேதான். நல்ல உலர் பாஸ்தா டூரம் கோதுமை ரவையில் செய்தது. இத்தாலியில் உலர் பாஸ்தாவை அதில்தான் செய்ய வேண்டும் என்று 1967இல் சட்டமே போட்டார்கள். இந்தக் கோதுமை நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்தில் விளைகிறது. இதன் ரவை மஞ்சளாக இருக்கும், வெந்தாலும் உருக்குலையாது. மைதாவில் செய்தது மலிவு. ஆனால் லசான்யாவில் பாஸ்தா ஒருமுறை தண்ணீரிலும் மறுமுறை ஓவனிலும் வேகிறது. மைதா பாஸ்தா அந்த இரண்டாம் வேக்காட்டைத் தாங்காமல் களியாகிவிடும். பாக்கெட்டின் பின்புறம் பொருள் பட்டியலில் முதலில் டூரம் ரவை இருக்கிறதா, மைதா இருக்கிறதா என்று கொள்முதலின்போதே பார்த்துவிடுங்கள். வேகவைக்கும்போது பாக்கெட்டில் போட்ட நேரத்திற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்னதாக இறக்க வேண்டும் என்பதையும் வாடிக்கையாளருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

தகடு வேகமாக நகரும் சரக்கல்ல. சிறு கடைக்கு நான்கைந்து பாக்கெட் போதும். இல்லாதபோது குழல் வடிவ பென்னே கொடுக்கலாம். அதையும் குழம்பில் பிரட்டி ஓவனில் சுடுவது இத்தாலியிலேயே உண்டு. அரிசி மூட்டைப் பக்கத்தில் மட்டும் பாஸ்தாவை அடுக்காதீர்கள். வண்டு பாக்கெட்டையும் துளைக்கும்.

சீஸில்தான் குழப்பம் அதிகம். பொலோனியாக்காரர்கள் இழுத்தால் நூல் நூலாக வரும் மொசரெல்லாவைப் போடுவதில்லை. குறைந்தது ஓராண்டு பதப்படுத்திய பார்மிஜானோவைத் துருவித் தூவுகிறார்கள். மொசரெல்லா சேர்ப்பது அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர்களிடம் பெருகிய பழக்கம். இங்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான். கட்டித் தயிரை வெந்நீரில் இழுத்துச் செய்வதால்தான் மொசரெல்லா அப்படி நீள்கிறது. பிராசஸ்டு சீஸ் உருகும், நீளாது. பனீர் உருகவே உருகாது. மொசரெல்லா இல்லை என்று பனீரைக் கொடுப்பது வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகும். பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்த பொருள்களும் சந்தைக்கு வருகின்றன. லாபம் கூடுதலாக இருக்கலாம்; ஆனால் அதைச் சீஸ் என்று சொல்லி விற்கக் கூடாது. இன்னொன்று, அசல் பார்மிஜானோ கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் கொண்டு செய்வது. ஆகவே ‘பார்மெசான்’ என்று கேட்கும் சைவ வாடிக்கையாளருக்குப் பச்சைக் குறி இருக்கிறதா என்று பார்த்த பிறகே பாக்கெட்டைக் கொடுங்கள்.

அடுக்கும்போது அடியிலும் மேலிலும் வெள்ளை சாஸ் வர வேண்டும். நடுவே ஐந்தாறு அடுக்கு. மேலே சீஸ் தூவி 180 டிகிரியில் அரை மணிக்கு மேல் சுட்டு, வெளியே எடுத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டு வெட்டினால் துண்டு நிற்கும்.

கறி நீங்கலாக மற்றதெல்லாம் நம் கடையிலேயே கிடைக்கும்: தகடு, பால், வெண்ணெய், மைதா, ப்யூரி, ஜாதிக்காய், சீஸ். ஒரு சமையலுக்கு ஏழு உருப்படி! ஆனால் சீஸ் வைத்திருக்கும் கடையில் கரண்ட் பில்லை நினைத்து இரவில் ஃபிரிட்ஜை அணைக்கும் வழக்கம் கூடாது. நாலு டிகிரியிலேயே இருக்க வேண்டிய சரக்கு இரவெல்லாம் வியர்த்துக் காலையில் மறுபடி குளிர்ந்தால் பூஞ்சை பிடிக்கும். தேதி முடியாத பாக்கெட்கூடத் திரும்பி வரும். அப்படி இரவில் ஓட்ட வசதியில்லாத உறுப்பினர்கள் சீஸை இருப்பு வைக்காமல், முன்கூட்டிச் சொல்பவர்களுக்கு மட்டும் அன்றன்றைக்கு வரவழைத்துக் கொடுக்கலாம்.