ஒரே தேதி, ஒரே நாளா?

"ஒரே நாளில் மறைந்த இரு பெரும் எழுத்தாளர்கள் யார்?" என்று பொது அறிவுப் போட்டியில் கேட்டால், ஷேக்ஸ்பியரும் செர்வான்டிசும் என்று பலர் சட்டென்று எழுதிவிடுவீர்கள். இருவருக்கும் நூல்களில் குறிக்கப்படும் தேதி 1616, ஏப்ரல் 23. யுனெஸ்கோ 1995-இல் உலகப் புத்தக நாளாக அறிவித்ததும் இந்தத் தேதியைத்தான்.

ஆனால் கிழமையைச் சற்றுப் பாருங்கள். செர்வான்டிஸ் வாழ்ந்த மாட்ரிட் நகரில் அந்த ஏப்ரல் 23 ஒரு சனிக்கிழமை. ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்போர்டிலோ அது செவ்வாய்க்கிழமை! ஒரே நாளாக இருந்தால் கிழமை எப்படி மாறும்?

இதன் விடை வானத்தில் இருக்கிறது. ஜூலியஸ் சீசர் கி.மு. 45-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நாட்காட்டியில் ஓர் ஆண்டின் சராசரி நீளம் 365 நாள் 6 மணி. அதற்காகவே நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாளைக் கூட்டினார்கள். ஆனால் பருவங்கள் ஒரு சுற்றுச் சுற்றி வர ஆவது 365 நாள் 5 மணி 49 நிமிடத்திற்கும் சற்றுக் குறைவான காலமே. வித்தியாசம் ஏறக்குறைய 11 நிமிடம். பதினொரு நிமிடம் என்ன பெரிது என்று தோன்றும். 128 ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகிவிடுகிறது! பகலும் இரவும் சமமாகும் மார்ச் 21, பதினாறாம் நூற்றாண்டில் மார்ச் 11-க்கு நகர்ந்துவிட்டது.

போப் கிரிகோரி 1582-இல் இதைத் திருத்தினார். அக்டோபர் 4, வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15, வெள்ளி என்று அறிவிக்கப்பட்டது. தேதி தாவியது, கிழமை தாவவில்லை. நூற்றாண்டு முடியும் ஆண்டுகளில் 400-ஆல் வகுபடுபவை மட்டுமே இனி லீப் ஆண்டுகள் என்றும் விதி செய்தனர். ஸ்பெயினும் இத்தாலியும் உடனே ஏற்றுக்கொண்டன. இங்கிலாந்து ஏற்றது 1752-இல்தான்!

ஆகவே, ஷேக்ஸ்பியரின் ஏப்ரல் 23 ஸ்பெயின் கணக்கில் மே 3. (செர்வான்டிஸ் இறந்தது 22-ஆம் தேதி, 23 அவரை அடக்கம் செய்த நாள் என்று கருதும் அறிஞர்களும் உண்டு. அப்படியானால் தேதியும் பொருந்தவில்லை!)

இதைவிடச் சுவையானது நம் அறிவியல் நூல்களில் இருக்கிறது. "கலிலியோ மறைந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார்" என்று படித்திருப்பீர்கள். கலிலியோ மறைந்தது 1642, ஜனவரி 8. நியூட்டன் பிறந்தது 1642, டிசம்பர் 25. பார்வைக்குச் சரிதான். ஆனால் முதல் தேதி இத்தாலியின் புதிய நாட்காட்டி. இரண்டாவது இங்கிலாந்தின் பழைய நாட்காட்டி. இரண்டையும் புதியதில் எழுதினால் நியூட்டன் பிறந்தது 1643, ஜனவரி 4. இரண்டையும் பழையதில் எழுதினால் கலிலியோ மறைந்தது 1641, டிசம்பர் 29. எந்த நாட்காட்டியை எடுத்தாலும் இருவரும் ஒரே ஆண்டுக்குள் வரவில்லை! இரண்டு அளவுகோல்களைக் கலந்தால்தான் அந்த ஒற்றுமை கிடைக்கிறது. ஒரு நீளத்தை அங்குலத்திலும் மற்றொன்றைச் சென்டிமீட்டரிலும் அளந்து, எண்கள் சமம் என்று சொல்வதைப் போன்றது இது.

எல்லா ஒற்றுமையும் இப்படிப் பொய்த்துவிடுவதில்லை. சார்லஸ் டார்வினும் ஆபிரகாம் லிங்கனும் பிறந்தது 1809, பிப்ரவரி 12. அப்போது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஒரே நாட்காட்டிதான் வழங்கியது. ஆகவே அது உண்மையிலேயே ஒரே நாள்.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. 1917-இல் ரஷ்யாவில் நடந்த அக்டோபர் புரட்சி, அங்கு அப்போது வழங்கிய பழைய நாட்காட்டியின்படி அக்டோபர் 25-இல் நிகழ்ந்தது. சோவியத் நாட்டினர் அதன் ஆண்டுவிழாவை நவம்பர் 7-இல் கொண்டாடினர். 1616-இல் 10 நாளாக இருந்த இடைவெளி, 1917-இல் 13 நாளானது எப்படி? 1700, 1800, 1900 ஆகிய ஆண்டுகளை 400-ஆல் வகுத்துப் பாருங்கள்.