வாசலில் போய் நிற்க முடியாத கடன்

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது; கல்யாண போட்டோகிராஃபருக்கு வேலையும் கிடையாது. அந்த மாதங்களை ஓட்டுவதற்காக, இணைய ஏஜென்சிகள் வழியாகப் படம் விற்கும் ஸ்டாக் போட்டோ பக்கம் வந்தவர்களை எனக்கு நிறையத் தெரியும். நானும் அப்படி வந்தவன்தான். ஹார்டு டிஸ்க்கில் கிடக்கும் படங்களை ஏற்றிவிட்டால் போதும், நாம் தூங்கும்போதும் டாலர் விழும் என்று யூடியூபில் சொல்கிறார்களே, அது பாதி உண்மை. டாலர் விழும். எவ்வளவு விழும், விழுந்தது எப்போது கைக்கு வரும் என்பதைத்தான் சொல்ல மாட்டார்கள்.

எவ்வளவு என்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2000இல் கனடாவின் கால்கரி நகரில் ப்ரூஸ் லிவிங்ஸ்டன் ஐஸ்டாக்போட்டோவைத் தொடங்கினார். டிசைனர்கள் தங்களுக்குள் படங்களை இலவசமாக மாற்றிக்கொள்ளும் இடமாகத்தான் அது ஆரம்பித்தது. பிறகு சில்லறை விலைக்கு விற்கத் தொடங்கியதும், ஒரு படத்துக்கு நூற்றுக்கணக்கில் டாலர் வாங்கிக்கொண்டிருந்த பெரிய ஏஜென்சிகள் ஆட்டம் கண்டன. 2006இல் கெட்டி இமேஜஸ் ஐந்து கோடி டாலர் கொடுத்து அதை வாங்கியே போட்டுவிட்டது. 2003இல் நியூயார்க்கில் ஜான் ஓரிங்கர் தொடங்கிய ஷட்டர்ஸ்டாக், சந்தா முறையைப் பரப்பியது. வாங்குபவர் மாதத்துக்கு ஒரு தொகை கட்டிவிட்டுத் தேவையானதை அள்ளிக்கொள்வார். படம் எடுத்தவனுக்கு டவுன்லோடுக்கு இத்தனை சென்ட் என்று வரும்.

ஷட்டர்ஸ்டாக்கில் பல வருடம் இந்தக் கணக்கு புரியும்படியாகவே இருந்தது. புதிதாகச் சேர்ந்தவருக்கு சந்தா டவுன்லோடு ஒன்றுக்கு 25 சென்ட். மொத்தச் சம்பாத்தியம் பத்தாயிரம் டாலரைத் தாண்டியவருக்கு 38 சென்ட். ஏறிய படியிலிருந்து யாரும் இறங்க வேண்டியதில்லை. 2020 ஜூனில், ஊரே ஊரடங்கில் கிடந்தபோது, கணக்கை மாற்றினார்கள். ஆறு படிகள், 15 முதல் 40 சதவீதம் வரை பங்கு, குறைந்தபட்சம் 10 சென்ட். நம் காசில் எட்டு, ஒன்பது ரூபாய். போதாததற்கு, ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் எல்லாரும் முதல் படிக்கே திரும்ப வேண்டும். பத்துப் பதினைந்து வருடமாகப் படம் கொடுத்துவந்தவரும் நேற்றுச் சேர்ந்தவரும் புத்தாண்டன்று ஒரே வரிசையில் நின்றார்கள். எதிர்ப்பு காட்டப் பலர் தங்கள் போர்ட்ஃபோலியோவையே அணைத்து வைத்தார்கள். புதிய கணக்கு அப்படியேதான் இருக்கிறது.

அதனால் டிசம்பர் வருமானத்தைப் பார்த்து அடுத்த வருடத்துக்குத் திட்டம் போடாதீர்கள். டவுன்லோடு எண்ணிக்கை குறையாமலே ஜனவரியில் பணம் இளைத்துவிடும். இதை நம்பி லென்ஸுக்கு ஈஎம்ஐ எடுப்பதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

சரி, விற்பது எது? நமக்குப் பிடித்த படம் விற்காது. இதை மனசு ஏற்றுக்கொள்ள நாளாகும். வைகையில் அழகர் இறங்கும் காட்சியை இரவெல்லாம் கூட்டத்தில் நசுங்கி எடுத்திருப்போம். சித்திரை மாதத்தில் செய்திக்காக யாராவது வாங்கினால் உண்டு. கடை கல்லாப்பெட்டி மேல் இருக்கும் க்யூஆர் கோடை ஒரு கை ஸ்கேன் செய்கிற படம், வெள்ளைப் பின்னணியில் மாத்திரை அட்டை, ஆவி பறக்கும் டபரா காபி, மின் மீட்டர் ரீடிங் எடுக்கும் விரல் இவைதான் மாதாமாதம் போகும். வாங்குகிறவர் கலை ரசிகர் இல்லை. விளம்பரத்துக்கோ கட்டுரைக்கோ படம் தேடும் டிசைனர். எழுத்தை வைக்க ஒரு பக்கம் காலி இடம் வேண்டும், போனின் பிராண்டு தெரியக் கூடாது, க்யூஆர் கோடு நிஜக் கடையுடையதாக இருக்கக் கூடாது. அவருடைய கவலை அவ்வளவுதான். அதைப் புரிந்துகொண்டால் காமிராவை வைக்கிற இடமே மாறிவிடும்.

ரிஜெக்ட் ஆவது தனி வேதனை. நம் மானிட்டரில் படம் கண்ணாடி மாதிரி இருக்கும்; நூறு சதவீதம் பெரிதாக்கினால் கோபுரக் கலசத்துக்குச் சற்று மேலே, நீல வானத்தில், சாம்பல் நிறத்தில் மங்கலாக ஒரு புள்ளி நிற்கும். சென்சாரில் ஒட்டிய தூசு. எஃப்-16இல் எடுத்த படத்தில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். எஃப்-4இல் எடுத்ததில் தேடினாலும் கிடைக்காது. ஏற்றுவதற்கு முன் வானத்தை மட்டுமாவது இப்படி ஓர் ஓட்டம் பார்த்துவிடுங்கள். ஃபோகஸ் சரியில்லை, நாய்ஸ் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினால் அளவைக் குறைத்து மறுபடி அனுப்பலாம். அடோபி ஸ்டாக்கும் ஷட்டர்ஸ்டாக்கும் கேட்பது குறைந்தது 4 மெகாபிக்சல்தான். 24 மெகாபிக்சல் படத்தைப் பாதியாகச் சுருக்கினால் குறையில் பெரும்பகுதி மறைந்துவிடும். கீவேர்டு ஏறக்குறைய ஐம்பது வரை போடலாம் என்பதற்காக அத்தனையையும் நிரப்ப வேண்டாம். அடோபியில் முதல் பத்துக்குத்தான் அதிக மதிப்பு. முக்கியமானதை முன்னால் போடுங்கள்.

ஆட்கள் இருக்கும் படத்தை விளம்பரத்துக்கு விற்க மாடல் ரிலீஸ் வேண்டும். அவர்கள் கையெழுத்திட்ட சம்மதப் படிவம். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் படிவத்தை நீட்டினேன்.

“என்ன தம்பி இது, பத்திரமாட்டம் இருக்கு?”

“உங்க போட்டோவ யாராச்சும் விளம்பரத்துக்கு வாங்குனா உங்க சம்மதம் வேணும்க்கா.”

“வாங்குனா எவ்வளவு வரும்?”

“ஒரு தடவைக்குப் பத்து ரூபா வரும்க்கா. சில சமயம் கூட வரும்.”

“பத்து ரூபாய்க்கா இம்புட்டுக் கையெழுத்து? ஒரு முழம் பூவே அதுக்கு மேல போகுது. போங்க தம்பி, அங்கிட்டு வெளிச்சத்த மறைக்காம.”

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. இப்போது சந்தையில் நான் கைகளை மட்டும் எடுக்கிறேன். வாழைநாரை இழுத்து முடிச்சுப் போடும் விரல்கள், தராசில் மல்லிகை அள்ளிப் போடும் கை. முகம் தெரியாத, இன்னார் என்று அடையாளம் காண முடியாத படத்துக்குப் பெரும்பாலும் ரிலீஸ் கேட்பதில்லை. முகம் தேவையென்றால் தெரிந்தவர்களை வரவழைத்து, முன்கூட்டியே பணம் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் ஆரம்பிப்பது. விற்ற பிறகு தருகிறேன் என்று சொல்லாதீர்கள். அது எப்போது என்று நமக்கே தெரியாது.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்தத் தொழில் முடிந்தது என்கிறார்கள். 2022 கடைசியில் அடோபி ஸ்டாக் அப்படி உருவாக்கிய படங்களையும் ஏற்கத் தொடங்கியது. அன்றிலிருந்து ‘மேஜையில் லேப்டாப்’, ‘சிரிக்கும் குடும்பம்’ போன்ற தலைப்புகளில் கூட்டம் தாங்கவில்லை. அந்தப் பக்கம் போவதை நான் விட்டுவிட்டேன். இடமும் தேதியும் போட்டு விற்கும் எடிட்டோரியல் படத்துக்கு இன்னும் ஆள் இருக்கிறது. மழையில் தண்ணீர் நிற்கும் மதுரைப் பெரியார் பஸ் ஸ்டாண்டை அந்தத் தேதியில் அங்கே நின்றவன்தான் எடுக்க முடியும்.

இனி பணம். ராயல்டி சதவீதத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது பேஅவுட் விதிகளில் காட்டுங்கள் என்றுதான் புதிதாக வருகிறவர்களிடம் சொல்கிறேன். கணக்கில் இவ்வளவு டாலர் இருக்கிறது என்று திரையில் தெரிவது நம் பணம் இல்லை. அது ஏஜென்சி நமக்குத் தர வேண்டிய கடன். கல்யாண வீட்டில் பாக்கி நின்றால் ஆல்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெண்ணின் அப்பா வீட்டு வாசலில் போய் நிற்கலாம். “அடுத்த வாரம் தர்றேன் தம்பி, காபி சாப்பிட்டுப் போங்க” என்றாவது சொல்வார். இங்கே ஆல்பத்தை முன்னாலேயே கொடுத்துவிட்டோம். வாசல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

தாமதம் எல்லாமே ஏமாற்று இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடோபி ஸ்டாக்கில் 25 டாலர் சேர்ந்தால் பணம் கேட்கலாம். ஆனால் முதல் விற்பனை நடந்து 45 நாள் ஆகியிருக்க வேண்டும். ஐஸ்டாக்கிலும் ட்ரீம்ஸ்டைமிலும் 100 டாலர் சேர வேண்டும். டவுன்லோடுக்கு 25 சென்ட் என்று வைத்தால் 400 டவுன்லோடு. சின்ன போர்ட்ஃபோலியோவுக்கு அது மாதக்கணக்கு. ஐஸ்டாக்கில் ஒரு மாதம் விற்றது அடுத்த மாதம்தான் கணக்கில் ஏறும். அலமியில் விற்பனை உடனே தெரியும், ஆனால் வாங்கிய பத்திரிகை பணம் கட்டும்வரை அது வெறும் வரவு எழுதிய தொகைதான். சில சமயம் வாங்கியவர் வேண்டாம் என்று திருப்பிவிடுவார், எழுதியது அழிந்துபோகும். இவையெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கிறவை. படித்துவிட்டால் கோபம் பாதியாகும்.

எனக்கு நேர்ந்தது வேறு. வெளிநாட்டுச் சிறு ஏஜென்சி ஒன்று, பெயர் வேண்டாம். பங்கு தாராளம், ரிவியூவும் சீக்கிரம். பேஅவுட் கேட்டேன். ‘செயல்பாட்டில் உள்ளது’ என்று மஞ்சள் நிறத்தில் ஒரு பட்டை வந்தது. வாரங்கள் போயின, பட்டையின் நிறம் மாறவில்லை. மெயில் போட்டால் அச்சடித்த பதில். பொறுமைக்கு நன்றி, கணக்குப் பிரிவுக்கு அனுப்பியுள்ளோம். அதே நேரத்தில் என் படங்களை விற்பது மட்டும் நிற்கவில்லை. தினமும் டவுன்லோடு ஏறிக்கொண்டே இருந்தது.

அப்போது கற்றுக்கொண்ட சில விஷயங்கள் இப்போதும் உதவுகின்றன. ஒவ்வொரு முறையும் புது மெயில் எழுதக் கூடாது. பழைய புகார் எண்ணிலேயே தொடர வேண்டும். புது எண் விழுந்தால் வரிசையின் கடைசிக்குப் போவோம். ‘எப்போது வரும்’ என்று கேட்டால் ‘விரைவில்’ என்றுதான் பதில் வரும். ‘இந்த மாதம் 15ஆம் தேதிக்குள் அனுப்புவீர்களா, இல்லையா’ என்று கேட்க வேண்டும். பேஅவுட் கேட்ட தேதி, தொகை, அவர்கள் ஒப்பந்தத்தில் சொன்ன காலக்கெடு மூன்றும் தெரிகிற ஸ்கிரீன்ஷாட்டை அன்றே எடுத்துச் சேமிக்க வேண்டும். பிறகு அந்தப் பக்கம் திறக்காமலே போகலாம். கோபத்தில் கணக்கை மூடிவிடவே கூடாது. மூடினால் குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே இருக்கும் மீதியை விட்டுக்கொடுத்ததாகப் பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். புதிய படம் ஏற்றுவதை நிறுத்தலாம், அது போதும். பணம் வந்து சேரும் வரை நான் படங்களை அங்கிருந்து நீக்கவில்லை, வந்த அன்றைக்கு நீக்கிவிட்டேன். வந்தது இரண்டு தவணையாக. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை.

அன்றிலிருந்து எங்கும் தொகையைச் சேர்த்துவைப்பதில்லை. மொத்தமாக எடுத்தால் அழகாக இருக்குமே என்று பேஅவுட் வரம்பை உயர்த்தி வைப்பவர்கள் உண்டு. எவ்வளவு குறைவாக வைக்க முடியுமோ அவ்வளவு குறைவாக வையுங்கள். புதிதாக எந்த ஏஜென்சியில் சேர்ந்தாலும் கொஞ்சம் படங்களை மட்டும் ஏற்றி, முதல் பேஅவுட் வங்கிக்கு வந்த பிறகு மீதியை ஏற்றுங்கள். சிறு ஏஜென்சிகள் கை மாறுவதும் கடையை மூடுவதும் சகஜம். மீதியை இன்ன தேதிக்குள் கேட்டுப் பெறுங்கள் என்று ஒரே ஒரு மெயில் வரும், அதுவும் ஸ்பேமுக்குப் போய்விடும்.

நம் பக்கத்துத் தாமதமும் உண்டு. பேபாலில் வரும் டாலரை அங்கேயே வைத்திருக்க நமக்கு அனுமதி இல்லை. தானாகவே ரூபாயாகி வங்கிக்குப் போய்விடும். மாற்றுவது அவர்கள் விலையில், சந்தை விலையைவிட மூன்று நான்கு சதவீதம் குறைவு. பான் எண்ணும் வங்கிக் கணக்கும், பணம் எதற்காக வருகிறது என்று காட்டும் பர்ப்பஸ் கோடும் சரியாக இருக்கிறதா என்று பணம் வருவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். பான் அட்டையில் இனிஷியல் பின்னால், பாஸ்புக்கில் முன்னால் என்று நம்மூரில் பாதிப் பேருக்கு இருக்கும். அதற்கே பணம் ஒரு வாரம் நின்றுவிடும்.

அமெரிக்க ஏஜென்சிகளில் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவத்தைக் கட்டாயம் நிரப்புங்கள். அமெரிக்காவில் நடக்கும் விற்பனையின் ராயல்டியில் 30 சதவீதம் பிடிக்க வேண்டிய இடத்தில், இந்தியாவோடு உள்ள ஒப்பந்தப்படி 15 சதவீதமே பிடிப்பார்கள். கையெழுத்திட்ட வருடத்துக்குப் பின் மூன்றாம் வருடக் கடைசி வரைதான் அது செல்லும். காலாவதி ஆனால் யாரும் கதவைத் தட்டிச் சொல்ல மாட்டார்கள், பிடித்தம் மட்டும் இரட்டிப்பாகும். பிடித்த வரிக்கு 1042-எஸ் என்று ஒரு சான்று வசந்த காலத்தில், நமக்குப் பங்குனி வாக்கில், கணக்கில் ஏறும். அதைக் காட்டி இங்கே கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம். சிக்கல் என்னவென்றால் அந்தச் சான்று ஜனவரி முதல் டிசம்பர் வரை, நம் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. மாதவாரியாகப் பிரித்து எழுதிய தாள் ஒன்று கையில் இருந்தால் ஆடிட்டர் அரை மணியில் முடித்துக் கொடுப்பார். இல்லையென்றால் அவருக்குக் கொடுக்கும் ஃபீஸே அந்த வரியைவிட அதிகமாகிவிடும்.