மடிக்கணினிக்கு வைஃபை தெரியவில்லையா?



பேரேடும் பற்றுச்சீட்டுப் புத்தகமும் இருந்த பெட்டியடியில் இன்று மடிக்கணினி உட்கார்ந்திருக்கிறது. மலேசியாவில் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் தேதி மின் விலைப்பட்டியல் முறை பெரிய நிறுவனங்களில் தொடங்கி, படிப்படியாகக் கீழே இறங்கி வந்திருக்கிறது. பட்டியல் அனுப்பவும், மொத்தக் கடைக்குச் சரக்குச் சொல்லவும், பணம் வந்து சேர்ந்ததா எனப் பார்க்கவும் இணையம் வேண்டும். அப்படியிருக்க ஒரு நாள் காலை கணினியைத் திறந்தால் வைஃபைப் பட்டியலில் ஒரு பெயரும் இல்லை. உடனே அதைத் தூக்கிக்கொண்டு பழுது பார்ப்பவரிடம் ஓடுகிறோம். "ஃபார்மட் அடிக்க வேண்டும், இரண்டு நாள் ஆகும்" என்கிறார் அவர். நாமும் தலையாட்டி விடுகிறோம்.

ஃபார்மட் என்பது யாதெனில், உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பதாகும். யார் யார் நமக்கு எவ்வளவு தரவேண்டும் என்ற கடன் கணக்கும் அதனோடு போய்விடும். வைஃபை தெரியாத நோய்க்கு அவ்வளவு பெரிய சிகிச்சை அநேகமாகத் தேவைப்படுவதில்லை. வெளியிலிருந்து உள்ளே, செலவில்லாததிலிருந்து செலவுள்ளதற்கு என்று ஒழுங்காகச் சோதித்து வந்தால், குற்றம் எங்கே என்பதைக் கடைக்காரரே கண்டுகொள்ளலாம்.

முதலில் வியாபாரம் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கைத்தொலைபேசியை அதன் சார்ஜ் கம்பியால் கணினியில் மாட்டி, தொலைபேசியின் அமைப்புகளில் "யூ.எஸ்.பி. டெதரிங்" என்பதைத் திறந்துவிட்டால், கம்பி வழியாகவே இணையம் வந்துவிடும். ஆண்ட்ராய்டு தொலைபேசிகளில் இது எளிது. அன்றைய பட்டியல்களை அனுப்பிவிட்டு, கணக்குகளை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துக்கொண்டு, பிறகு நிதானமாகச் சோதனையில் இறங்கலாம்.

கணினி இருக்கும் அதே இடத்தில் தொலைபேசிக்கு நம் கடை வைஃபை தெரிகிறதா? தெரியவில்லையென்றால் குற்றம் ரவுட்டரில். கணினியைத் திட்டிப் பயனில்லை. தொலைபேசிக்குத் தெரிந்து கணினிக்கு மட்டும் தெரியவில்லையென்றால் இன்னொரு கேள்வி. கணினி நம் கடையின் பெயரை மட்டும் காணவில்லையா, அல்லது அண்டை அயல் கடைகளின் பெயர்களையும் காணவில்லையா? இவ்விரண்டும் வெவ்வேறு நோய்கள். இதைப் பிரித்தறியாமல் போகிறவரிடம்தான் பணம் வீணாகிறது.

எந்தப் பெயரும் தெரியாத நோயை முதலில் எடுத்துக்கொள்வோம். விமானப் பயண நிலை தவறுதலாகப் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விசைப்பலகையின் மேல் வரிசையில் விமானமோ கோபுரமோ படம் போட்ட விசை ஒன்று இருக்கும். பழைய கணினிகளில் முன்விளிம்பிலோ பக்கத்திலோ சிறு தள்ளு விசை உண்டு. கடைப்பையன் தூசி துடைக்கும்போது அது நகர்ந்துவிடலாம்.

அடுத்தது, முழுமையாக நிறுத்தித் திறப்பது. "நாம்தான் தினமும் இரவில் நிறுத்துகிறோமே" என்பீர்கள். விண்டோஸில் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்ற ஏற்பாடு இருக்கிறது. நிறுத்தும்போது உள்நிலையில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து, காலையில் அதையே திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஆகவே நேற்று மயங்கிய கார்டு இன்றும் மயங்கியே கிடக்கும். "ரீஸ்டார்ட்" கொடுத்தால் இந்தக் குறுக்கு வழி கிடையாது. அதிலும் தெளியவில்லையென்றால், கணினியை நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, மின் பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்துவிட்டுத் திறந்து பாருங்கள். காணாமற்போன கார்டு இதனால் மட்டுமே திரும்பி வருவதுண்டு. ஒரு காசு செலவில்லை.

பிறகு விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தி, "டிவைஸ் மேனேஜர்" என்பதைத் திறந்து, "நெட்வொர்க் அடாப்டர்ஸ்" என்ற தலைப்பின் கீழே பாருங்கள். கார்டின் பெயர்மீது கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் யாரோ அதை முடக்கியிருக்கிறார்கள். "எனேபிள்" கொடுத்தால் போதும். மஞ்சள் முக்கோணம் இருந்தால், கார்டோடு பேசும் டிரைவர் என்னும் மென்பொருளில் பெரும்பாலும் கோளாறு. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்ததால், பலரும் 11க்கு மாறினார்கள். அத்தகைய மாற்றத்துக்குப் பின் டிரைவர் பொருந்தாமற் போவது புதிய சங்கதி அன்று. கணினியின் அடிப்புறத்தில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே டிரைவரை எடுக்க வேண்டும். "இலவச டிரைவர்" என்று கூவி அழைக்கும் இடங்களை நாம் நம்புவதில்லை. கணக்கு இருக்கும் கணினியில் கண்டதையும் ஏற்றலாகாது.

கார்டு சரியாக இருப்பதாகக் காட்டியும் பட்டியல் வெறுமையாக இருந்தால், "சர்வீஸஸ்" என்ற பகுதியில் "வ்லான் ஆட்டோ கான்ஃபிக்" ஓடுகிறதா என்று பாருங்கள். அது நின்றிருந்தால் விண்டோஸ் வைஃபையைத் தேடவே தேடாது.

இனி இரண்டாவது நோய். அயல் கடைகளின் பெயர்கள் எல்லாம் தெரிகின்றன, நம் கடை மட்டும் தெரியவில்லை. கணினியில் பழுதே இல்லாமலும் இது நேரும். புதிய ரவுட்டர் மாட்டிய மறுநாள் இப்படியானால் காரணம் அங்கேதான். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசி, பழைய கார்டு 2.4 மட்டுமே கேட்கக்கூடியதானால், இரண்டும் சந்திக்கவே மாட்டா. 2.4இலும் வாய்க்கால்கள் உண்டு. நம் நாட்டில் 13 வரை உபயோகிக்கலாம். அமெரிக்க விற்பனைக்கென்று அமைக்கப்பட்ட கார்டு அநேகமாக 11க்கு மேல் பார்க்காது. உறவினர் அங்கிருந்து வாங்கி வந்த கணினியானால் இதை நினைவில் வையுங்கள். ரவுட்டரில் 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றை வைத்தால் தீர்ந்தது. வைஃபை 6 முறையில் பேசும் ரவுட்டரைப் பழைய டிரைவர் உள்ள சில கார்டுகள் காண்பதில்லை. இன்டெல் கார்டுகள் சிலவற்றில் இருந்த இக்குறையை அந்நிறுவனமே புதிய டிரைவரால் தீர்த்தது.

எல்லாம் பார்த்தாயிற்று, ஆனால் ரவுட்டருக்கு அருகே கொண்டுபோனால் பெயர் தெரிகிறது, பத்து அடி தள்ளினால் மறைகிறது என்றால் ஆண்டெனாக் கம்பியைச் சந்தேகியுங்கள். கார்டு விசைப்பலகைக்கு அடியில் இருந்தாலும், ஆண்டெனாக்கள் அநேகக் கணினிகளில் திரையின் ஓரத்தில் இருக்கின்றன. இரண்டு மெல்லிய கம்பிகள் திரைக் கீல் வழியாக இறங்கி, கார்டின் முனையில் குண்டூசித் தலையளவுள்ள பொத்தான்களில் பொருந்துகின்றன. திரை மாற்றிய பின்போ கீல் உடைந்த பின்போ வைஃபை கெட்டால் அக்கம்பி கழன்றிருக்கலாம், அல்லது அறுந்திருக்கலாம். இது கைப்பழக்கம் உள்ளவர் செய்யவேண்டிய வேலை. "ஆண்டெனாக் கம்பியைப் பாருங்கள், ஃபார்மட் வேண்டாம்" என்று சொல்லிக் கொடுங்கள். சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு கார்டுகளையும் கம்பிகளையும் கண்டவர் சொல்லுக்கும், பொத்தாம்பொதுவாகச் சொல்பவர் சொல்லுக்கும் உள்ள வித்தியாசம் அப்போது விளங்கும்.

டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயரே இல்லாமல், மேற்சொன்ன முழு நிறுத்தத்துக்குப் பிறகும் வராமல் இருந்தால், கார்டு இடம் விட்டு நகர்ந்திருக்கலாம், அல்லது செத்திருக்கலாம். பல கணினிகளில் அது கழற்றி மாற்றக்கூடியது. சிலவற்றில் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அப்போதும் புதுக் கணினி வாங்க வேண்டியதில்லை. பென்டிரைவ் அளவில் யூ.எஸ்.பி. வைஃபை அடாப்டர் விற்கிறார்கள். கணினியின் விலையோடு ஒப்பிட்டால் அற்பத் தொகை. ரவுட்டர் பெட்டியடிக்குப் பக்கத்திலேயே இருந்தால் சாதாரண நெட்வொர்க் கம்பியே போதும். அடாப்டர் வாங்கும்போது 2.4, 5 ஆகிய இரண்டையும் பார்க்குமா, நம்மிடமுள்ள விண்டோஸுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். கடையிலேயே மாட்டி, பெயர்கள் வரிசையாக வருவதைக் கண்ணால் பார்த்த பிறகு வெள்ளியைக் கொடுங்கள்.